கௌபோயின் முகம்

லக்‌ஷன் கௌபோயைத் தொப்பியிலிருந்துதான் தொடங்குவான். பள்ளிக்கூடக் கொப்பிகளின் ஓரங்களில் கீறிய காலத்திலிருந்தே அப்படி. பிறகு குதிரை, கயிறு, சப்பாத்து. முகம் கடைசியில், பல நேரம் தொப்பியின் நிழலை அதன்மேல் இழுத்துவிட்டு எழும்பிவிடுவான்.

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் எடுத்தவன் அவன். பட்டத்துக்கு ஆராய்ந்ததும் இந்தப் படங்களைத்தான். பழைய தைல ஓவியங்களில் அந்தி வெளிச்சத்தில் தனியே நிற்கும் வெள்ளை வீரன். பிறகு விளம்பரத் தட்டிகளில் சிகரெட்டோடு அவனே. மாடு சாய்த்து மேய்த்தவர்களில் கறுப்பரும் மெக்சிக்கரும் எத்தனையோ பேர் இருந்தும் படங்களில் அவர்களைக் காணவில்லை. இன்றைய ஓவியர்கள்தான் அந்த முகங்களைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள் என்று ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியிருந்தான்.

"மாடு மேய்க்கிறவனைப் பற்றிப் படிக்கவோடா கொம்மா ரெண்டு ஷிப்ட் அடிச்சவ?" என்று சிரிப்பார் சண்முகராசா. ஜெர்மனியிலிருந்து வந்து மனோர் பார்க்கில் பொரித்த கோழிக் கடை போட்டவர். ஆனால் கடையின் பக்கச் சுவரில் ஒரு கௌபோய் கீறக் கூப்பிட்டவரும் அவர்தான். லக்‌ஷனுக்குக் கிடைத்த முதல் சுவர் அது.

கௌபோய்க்கு மாதிரியாக அருட்பிரகாசம் வந்து இருந்தார். வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். நல்ல கறுப்பு, அகன்ற தாடை. விரித்த ஏணியின் உச்சியில் இரண்டு பக்கமும் காலைப் போட்டுக்கொண்டு, "குதிரை உதைக்குது தம்பி, கெதியாக் கீறு," என்பார். பிறகு மெல்ல, "என்ர முகம்தானே வரும்?"

"ஓம் அண்ணை, உங்கட முகமேதான்."

இந்த முறை லக்‌ஷன் நிழலை இழுக்கவில்லை. கண்ணோரச் சுருக்கம் வரை வைத்தான்.

சண்முகராசா வந்து பார்த்தார். "இது எங்கட அருட்பிரகாசமெல்லே! கௌபோய் எண்டா வெள்ளையனடா. சனம் சிரிக்கும். மாத்து."

அதற்குப் பதில் சொல்ல லக்‌ஷனிடம் ஒரு முழு அத்தியாயம் இருந்தது. "ஓம் அண்ணை," என்றான். தூரிகையை எடுத்து அந்த முகத்துக்கு வெள்ளை அடித்தான். அடிக்கும்போது தெருவில் யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு அருட்பிரகாசம் மனைவி மேரிசாந்தியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். லக்‌ஷன் குதிரை வாலுக்கு மெருகு வைத்துக்கொண்டிருந்தான்.

"எங்கையப்பா உங்கட மூஞ்சை? இது ஆரோ வெள்ளைக்காரன்," என்றார் மேரிசாந்தி.

அருட்பிரகாசம் சுவருக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "உனக்கு என்னப்பா தெரியும்? இது அண்டர்கோட். முதல் வெள்ளை அடிச்சாத்தான் பிறகு கலர் பிடிக்கும். என்ன தம்பி?"

லக்‌ஷன் தூரிகையைக் குதிரை வாலிலேயே இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஓம் அண்ணை. வாற கிழமை அடிச்சிடுவன்."

குளிர்காலம் வந்து போய்விட்டது. லக்‌ஷன் அந்தத் தெருவில் கால் வைப்பதில்லை. பஸ்ஸில்தான் கடந்து போகிறான். ஒருநாள் மேல்தட்டில் இருந்து பார்த்தபோது, கடையருகே அருட்பிரகாசத்தின் வான் நின்றது. அவர் சுவரடியில் நின்று, எட்டி, அந்த வெள்ளைக் கன்னத்தில் விரலை வைத்து, காய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.