காலிக் கட்டத்தில் போட்ட பூஜ்யம்

டெல்டாவில் ஒரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சல் கணக்கைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. ஊர் ஊராக இருக்கும் கிராம நர்ஸ்கள் வாராவாரம் எண்ணிக்கையை அனுப்புவார்கள். திங்கள் மாலைக்குள் நான் ஏற்றிவிட வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மாவட்டத்துத் திரையில் எங்கள் வட்டாரம் சிவப்பாகிவிடும். உடனே போன் வரும். காய்ச்சலைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். "பச்சை வந்துடுச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

அதனால் கணக்கு வராத ஊருக்குப் பூஜ்யம் போட்டுவிடுவோம். நான் சேர்வதற்கு முன்பே அது வழக்கம். அடுத்த வாரம் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொள்வோம். சேர்த்ததில்லை.

போன ஐப்பசி மழையில் எங்கள் ஊர்க் கணக்கே மூன்று வாரம் வரவில்லை. நர்ஸை இன்னொரு ஊரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மூன்று திங்களும் பூஜ்யம் போட்டேன்.

என் மகள் அப்போது பிளஸ் டூ. வாய்க்கால் உடைத்துக்கொண்டு ரோட்டில் முழங்கால் தண்ணீர். பஸ் நிற்கும் இடத்திலிருந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தினமும் நடந்து வந்தாள். நாலாவது வாரம் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் வலி தாங்க முடியவில்லை என்று அழுதாள். தஞ்சாவூரில் ஒரு தனியார் டாக்டரிடம் கூட்டிப்போனோம்.

"நடவு நேரம், எங்க பார்த்தாலும் தேங்கின தண்ணி. உங்க ஊர்ப்பக்கம் எலிக்காய்ச்சல் ஏதும் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார். மூணு வாரமா ஒரு காய்ச்சல்கூட இல்ல. கணக்கு ஏத்துறதே நான்தான்."

அவர் சிரித்தார். "அப்ப கவர்மெண்டே நேர்ல வந்திருக்குன்னு சொல்லுங்க. சாதாரண வைரஸ் காய்ச்சலாத்தான் இருக்கும்."

காய்ச்சல் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார். கணக்கு ஏற்றுவது நான்தான் என்று பெருமையாகச் சொன்னேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் என் மனைவி மெதுவாகச் சொன்னாள். "ஏங்க, மேலத்தெருவுல ரெண்டு மூணு பேரு காய்ச்சல்ல படுத்திருக்காங்களாம்."

"ஊர்ப்பேச்சையெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்காத. அப்படி இருந்தா எனக்குத் தெரியாதா?"

மூன்றாம் நாள் மகளின் கண் மஞ்சளித்தது. சிறுநீர் நின்றுபோனது. மறுபடி தஞ்சாவூர், இந்த முறை பெரிய ஆஸ்பத்திரி. எலிக்காய்ச்சல்தான் என்றார்கள். முன்னாடியே மருந்து கொடுத்திருந்தால் கிட்னி வரை போயிருக்காது என்று டயாலிசிஸ் அறை வாசலில் ஒரு சின்ன வயது டாக்டர் சொன்னார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு எதுவும் தெரியாது.

எங்கள் ஊர் நர்ஸ் பார்க்க வந்தார். பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார்.

"பதினோரு பேரு சார். தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன். நாலு பேருக்குக் கெண்டைக்கால் வலி. ரெண்டு ஊருக்கும் அலையறதுல அனுப்பவே முடியல. வரலைன்னா நீங்க போன் பண்ணுவீங்கன்னு இருந்துட்டேன் சார்."

நான் போன் பண்ணவில்லை. பூஜ்யம் போடுவதற்கு ஒரு விரல் போதும்.

பழைய வாரங்களைத் திருத்தக் கணினி விடவில்லை. மாவட்டத்தில் கேட்டேன். "அதையெல்லாம் நடப்பு வாரத்துல போட்டுடுங்க" என்றார்கள். போட்டேன். திரையில் எங்கள் ஊரில் திடீரென்று நோய் வெடித்தது. ஜீப் வந்தது. பிளீச்சிங் பவுடர் தூவினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். ரோட்டில் தண்ணீர் வடிந்து பத்து நாளாகியிருந்தது. அந்தப் பதினோரு பேரில் ஒருவர் அப்போது உயிரோடு இல்லை.

மகள் வீடு திரும்பிவிட்டாள். கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்க்க மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. முடிவு வரும்வரை என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

ஒரு மத்தியானம் உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, அந்த டாக்டர் கேட்டப்ப, தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்குத் தெரியும்னுதாம்மா நெனைச்சேன்."

"நீங்கதானேப்பா அந்த பூஜ்யத்தைப் போட்டீங்க? அப்புறம் எப்படி அதை நம்புனீங்க?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.