ஜீப்பில் ஒரு காலி இடம்

கோத்தகிரிக்குக் கீழே, எங்கள் அரவேணுப் பக்கம் சாலையில் ஒருவர் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பஸ்ஸை விட்டுவிட்டார். பனிமூட்டமும் காட்டெருமையும் இருக்கிற மலை. தனியாகப் போகிற ஆளைப் பார்த்தும் நிறுத்தாமல் போவது இங்கே வண்டி ஓட்டுகிற யாருக்கும் பழக்கமில்லை. இருபத்தொரு கிலோமீட்டர் மலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தபோது நான் இதை யோசிக்கவே இல்லை.

ஷூ, கைக்கடிகாரம், பயிற்சி அட்டவணை எல்லாம் ஒரே நாளில் தயார். அப்பா கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டே, போன வருடத்து கிடாரும் அதற்கு முந்தின ஜெர்மன் வகுப்பும் என்ன ஆயிற்று என்று விசாரித்தார். இதையாவது முடித்துக் காட்ட வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

ஓட்டத்தின் கடைசிப் பகுதி எங்கள் ஊரிலிருந்து எஸ்டேட் வழியாகக் கோத்தகிரிக்கு ஏறும் சாலை. ஒரு வண்டி போகிற அகலம்தான் இருக்கும். முதல் நாள் அதில் ஓடினேன். மூன்றாவது வளைவில், கொழுந்து பறிக்கும் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுகிற அண்ணன் எங்கள் கடையில் தினமும் பீடி வாங்குகிறவர்.

"ஏனுங்க அம்முணி, பஸ்ஸ உட்டுட்டீங்களா?"

பயிற்சி என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"செரிங்க. ஏறிக்குங்க, மேல போயி ஓடிக்கலாம்."

அதற்குள் பின்னால் பெண்கள் நகர்ந்து ஒரு ஆள் உட்கார இடம் விட்டிருந்தார்கள். ஏற்கெனவே பதினோரு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற வண்டி. அந்த இடத்தைப் பார்த்துவிட்டு எப்படி வேண்டாம் என்பது? ஏறினேன்.

மறுநாளும் ஏறினேன். அதற்கு மறுநாள் ஜீப்பில் மாட்டாமல் இருக்க அரை மணி முன்னதாகவே கிளம்பினேன். பால் வண்டி நின்றது. இரண்டு வாரத்தில் வெட்கமான ஒரு உண்மை தெரிந்துபோயிற்று. ஏற்றத்தில் மூச்சு முட்டும்போதெல்லாம் என் காது ஜீப்புச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் அந்த அண்ணனிடமே ஒரு பேரம் பேசினேன். வாரத்துக்கு ஒரு வளைவு தள்ளி என்னை ஏற்றிக்கொள்ள வேண்டும். அவர் அதைப் பஸ் ஸ்டாப் மாற்றின மாதிரி எடுத்துக்கொண்டார். இந்த வாரம் தண்ணீர் டேங்க், அடுத்த வாரம் கோயில் வளைவு. பெண்கள் ஜன்னல் வழியாக, புள்ளைக்கு இன்றைக்கு முகம் கேரட் நிறத்துக்கு வந்துவிட்டது, நேற்று பீட்ரூட் என்று பயிற்சி அறிக்கை வாசிப்பார்கள். இவ்வளவுக்குப் பிறகும் கடைசி நான்கு வளைவுகளை நான் ஒருநாள்கூட ஓடி முடித்ததில்லை.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லோருக்கும் பின்னால் ஒரு வேன் வரும். அது தாண்டிவிட்டால் ஓட்டத்தை விட்டுவிட்டு அதில் ஏறிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அரவேணுவுக்கு வந்தபோது நான்தான் கடைசி ஆள். கடைவாசலில் நின்றிருந்த அப்பா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஏற்றத்தில் இடது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. கீழே எங்கோ வேனின் உறுமல்.

கோயில் வளைவு தாண்டி, கடைசி நான்கு வளைவு மிச்சமிருக்கும்போது பக்கத்தில் வண்டி வந்து நின்றது. வேன் இல்லை. எஸ்டேட் கிளைப்பாதையிலிருந்து வந்த ஜீப், சந்தைக்குப் போகிற பெண்களோடு. பின்கதவு திறந்தது. எல்லோரும் நகர்ந்தார்கள். அதே இடம், ஒரு ஆளுக்கான இடம்.

பேச மூச்சில்லை. தலையை மட்டும் ஆட்டினேன், வேண்டாம் என்று. எனக்கே நம்பிக்கை வராமல் இரண்டாவது தடவையும் ஆட்டினேன்.

கதவு ஓரத்தில் உட்கார்ந்திருந்த அக்கா என் காலைப் பார்த்தார். பிறகு முன்பக்கம் திரும்பி, "அண்ணே, புள்ள ஏறமாட்டாளாம். மெல்ல போங்க" என்றார்.

ஜீப் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது, முதல் கியரில், நடுச்சாலையில். அதற்கும் பின்னால் வேன் ஹாரன் அடித்தது. ஹாரனுக்கு வழிவிட அந்தச் சாலையில் இடம் ஏது? விதிப்படி இது நியாயமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. நொண்டினேன், நடந்தேன், கொஞ்சம் ஓடினேன். நான்கு வளைவையும் என் காலால்தான் ஏறினேன்.

கோத்தகிரியில் பந்தலைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒருவர் கயிற்றை விட்டுவிட்டு என் கழுத்தில் பதக்கத்தைப் போட்டார். படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "சரி. கிடார்?"

திரும்பிப் பார்த்தேன். ஜீப் ஓரமாக நின்றிருந்தது. பெண்கள் இன்னும் இறங்கவில்லை. பின்கதவு திறந்தே இருந்தது. நகர்ந்தவர்கள் நகர்ந்தபடியே உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்பவாச்சும் ஏறுவியா புள்ள?" என்றார் அந்த அக்கா.

ஏறினேன்.