நாலு மணி சிஸ்டர்

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அந்தத் தலைமை நர்ஸ் பிளாஸ்டிக் உறையில் போட்ட கொரோனா வார்டு செல்போனைக் கையில் எடுத்துவிடுவார். பாதுகாப்பு உடைக்குள்ளிருந்து பேசினால் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். அதனால் இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொள்வார். முதல் படுக்கையில் தொடங்கிப் பன்னிரண்டு வரை, வீட்டுக்கு ஒரு போன். "நாலாம் பெட் வீடா? அப்பா நல்லா இருக்காரும்மா. காலையில தாடி எடுத்து விட்டேன், மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்காரு." அந்தப் பக்கம் அழுதுகொண்டே சிரிப்பார்கள்.

நோயாளியைப் பார்க்க யாரையும் உள்ளே விடாத நாட்கள் இவை. இந்தத் தலைமை நர்ஸின் குரல்தான் வெளியே நிற்பவர்களுக்குக் கண், காது எல்லாம். முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை. எந்த வீட்டிலோ யாரோ வைத்த 'நாலு மணி சிஸ்டர்' என்ற பெயர் வார்டுக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டது. டாக்டர்களே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இருபத்திரண்டு வருட வேலை. உடையை ஒருமுறை மாட்டிவிட்டால் ஆறு மணி நேரம் கழிப்பறை கிடையாது என்பதால் காலையிலிருந்தே வாயை நனைப்பதில்லை. கேட்டால், "தண்ணிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை முறிஞ்சு மூணு மாசமாச்சு" என்பார். மூக்கின் மேல் முகக்கவசம் அறுத்த புண் ஆறுவதற்குள் அடுத்த டூட்டி வந்துவிடுகிறது.

வேலை முடிந்து வந்தால் நேரே வீட்டுக்குள் போவதில்லை. ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருப்பார். கணவர் ஜன்னலில் வந்து நின்று பார்ப்பார், கூப்பிட மாட்டார். நல்ல மனிதர். ஒருநாள் அவர் வெளியே போய்த் திரும்பி, மகளைப் பற்றி, "பாப்பா என்ன பண்றா?" என்று கேட்டபோது, "நல்லா இருக்கா, பாதி சாப்பாடு சாப்பிட்டா, இப்ப தூங்குறா, பயப்படாதீங்க" என்று மனைவியிடமிருந்து வார்டுப் போனில் பேசும் அதே குரலில் பதில் வந்தது.

லாக்கரில் ஒரு கடிதம் இருக்கிறது. வேலையை விடுகிறேன் என்று நாலே வரி. கையெழுத்தும் போட்டாயிற்று. "தேதி மட்டுந்தான் பாக்கி. அதுக்கு நேரம் கிடைக்கல" என்று சிரிப்பார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வராது.

போன வாரம் ஒன்பதாம் படுக்கையில் அது நடந்தது. அங்கே இருந்த பெரியவர் முந்தின நாள் சாயங்காலம் இறந்துபோனார். மகளுக்குப் போன் செய்து சொன்னதும் இவர்தான். காலையில் அதே படுக்கைக்கு வேறொருவர் வந்துவிட்டார். நாலு மணிக்கு விரல் பழக்கத்தில் பழைய எண்ணை அழுத்திவிட்டது. "ஒன்பதாம் பெட் வீடா? அப்பா இன்னைக்கு நல்லா இருக்காரும்மா. எழுந்து உட்கார்ந்துட்டாரு."

அந்தப் பக்கம் பெரியவரின் மகள் மெதுவாகச் சொன்னாள்: "சிஸ்டர்... அப்பா நேத்தே போயிட்டாரே. நீங்கதானே சொன்னீங்க."

இவர் ஒன்பதாம் படுக்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"பரவாயில்ல சிஸ்டர். ஒரு நிமிஷம் நெஜம்னு நெனச்சிட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். போனை டூட்டி டாக்டரிடம் நீட்டினார். "மிச்சத்த நீங்க பேசிடுங்க டாக்டர். என்னால முடியல." உடையைக் கழற்றி, கை கழுவி, லாக்கரைத் திறந்து கடிதத்தை எடுத்தார். பேனாவைத் திறந்த பிறகுதான் தேதி தெரியாதது தெரிந்தது. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்த இன்னொரு நர்ஸிடம் கேட்டார்.

அவள் கண்ணைத் திறக்காமலே விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். வார்டில் எல்லோருக்குமே நாள் கணக்கு சாவை வைத்துத்தான் என்று ஆகிவிட்டது. "தேதி தெரியலக்கா. ஒன்பதாம் பெட் அய்யா போயி ஒரு நாள் ஆகுது."

இவளுக்கு நினைவிருக்கிறது, எனக்கு இல்லையே என்று இவர் நினைத்துக்கொண்டார். அந்தப் பெரியவருக்கும் தாடி எடுத்துவிட்டவர்தான் இவர். அவர் பெயர் என்ன என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதார். தேதி போடாமலே கடிதம் லாக்கருக்குள் திரும்பிப் போனது.

மறுநாள் நாலு மணிக்குப் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். டாக்டர் கொடுத்தார். அன்று முதல் படுக்கையில் தொடங்கவில்லை. நேரே ஒன்பதாம் படுக்கைக்குப் போய், புதிதாக வந்தவரின் கையைத் தூக்கி, மணிக்கட்டுப் பட்டையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். "இதானே உங்க பேரு?" மூச்சுக் கருவிக்குப் பின்னாலிருந்து அவர் தலையை அசைத்தார். சிஸ்டர் பேனாவை எடுத்துத் தன் இடது கையுறையின் மேல் அந்தப் பெயரைப் பெரிதாக எழுதினார். பிறகு அந்த மனிதரின் கையை விடாமலே அவர் வீட்டு எண்ணை அழுத்தினார்.