அப்பா ஊற்றிய பெட்ரோல்

எங்கள் மாமாவுக்கு வீட்டில் ஓசிப் பேர்வழி என்று பெயர். அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். வந்தால் சாப்பிடாமல் போகமாட்டார். போகும்போது அன்றைய பேப்பரையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். ஆகவே அப்பா செத்த வீட்டில் அவர் செய்த வேலையைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அப்பாவிடம் ஒரு வாட்டர் ஜெட் இருந்தது, பெட்ரோலில் ஓடுவது. தண்ணீரைப் பீய்ச்சியடித்து வீட்டு வாசல், கோயில் பிராகாரம், கடைகளின் முன்நடை எல்லாவற்றையும் கழுவிக் கொடுப்பதுதான் அவர் தொழில். பினாங்கில் மழைக்கும் குறைவில்லை, பாசிக்கும் குறைவில்லை. வேலை கிடைத்துக்கொண்டே இருந்தது.

என்னைக் கொஞ்சியதைவிட அந்த மெஷினைத்தான் அப்பா அதிகம் கொஞ்சினார். எஞ்சினை நிறுத்தியதும் தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியை அழுத்தி, உள்ளே அடைபட்ட தண்ணீரை வெளியேற்றுவார். சூடு ஆறும்வரை யாரையும் கிட்டே விடமாட்டார். சில நாள் வேலை இருக்காது என்று தெரிந்தால் டாங்கியில் உள்ள பெட்ரோலை வடித்து, மிச்சத்தை ஓட்டித் தீர்த்து, பின்பக்கத் தகரக் கொட்டகையில் மூடி வைப்பார். வீட்டுக்குள் மட்டும் வரவே கூடாது. "பெட்ரோல் வாடை இருக்கே, அது தரையோட நடந்து போயி நெருப்பத் தேடும்லா," என்பார். அது நடப்பதைப் பார்க்க நான் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக் கிடந்திருக்கிறேன்.

ஒரு காலை டாங்கி நிறைய ஊற்றிக்கொண்டு ஆயர் ஈத்தாமில் ஒரு வீட்டு வாசல் கழுவப் போனார். எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுக்கும் முன்பே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். முதலில் அப்பாவைக் கொண்டுவந்தார்கள். மறுநாள் யாரோ ஒருவருடைய லோரியில் மெஷின் வந்தது, டாங்கி அப்படியே நிறைந்திருந்தது.

"கொட்டகைல வச்சா தூக்கிட்டுப் போயிருவானுங்க, அண்ணி," என்றார் அப்பாவின் தங்கையான அத்தை. அம்மா அதை உள்ளே தள்ளிவந்து, அப்பா படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் வைப்பது எங்கள் வழக்கம். அப்பாவுக்கு ஒரு கோப்பை கருப்புக் காப்பி, ஒரு கட்டம் போட்ட கைலி, ஒரு வாட்டர் ஜெட். அத்தை அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அதன் காலடியில் காமாட்சி விளக்கு எரிந்தது. காரியம் முடியும்வரை அது அணையக்கூடாது. எண்ணெய் ஊற்றுவது என் பொறுப்பு. நான் அதன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன்.

வேலை முடிந்து வந்த மாமா வாசலிலேயே நின்றார். மூக்கை உறிஞ்சினார். நேராக உள்ளே வந்து, இரண்டு விரலால் விளக்குத் திரியை நசுக்கி அணைத்தார்.

"ஐயையோ! எங்கண்ணன் விளக்க அணைச்சிட்டானே பாவி!" என்று அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டார். நான் மாமாவின் முதுகில் குத்தினேன்.

"யாரும் ஃபேன் சுவிட்சத் தொடாதீங்க! புள்ள இதுக்குப் பக்கத்துல படுக்குது, வீடே கொளுந்துவிட்டு எரிஞ்சிருக்கும்," என்று கத்திவிட்டு, ஜன்னல்களைத் திறந்து, மெஷினைப் பின்வாசலுக்கு உருட்டிப் போனார்.

அங்கே பெட்ரோல் குழாயைக் கழற்றக் குனிந்தபோது அம்மா ஓடிவந்தார். அப்பா போனதிலிருந்து வாயே திறக்காதவர்.

"எடுக்காதடா தம்பி. அது அவரு ஊத்துனது."

"வாடை அடிக்குதுக்கா..."

"எனக்குத் தெரியாதா? தெனமும் சொல்லிச் சொல்லிக் காதே புளிச்சிப் போச்சி. அவரு கையால ஊத்துனது இது ஒண்ணுதான்டா மிச்சம் இருக்கு."

எனக்கு அம்மா பேசியதே சந்தோஷமாக இருந்தது. பெட்ரோலுக்குப் போய் இப்படி அழவேண்டுமா என்றும் இருந்தது. மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டாங்கியிலிருந்ததை அப்பாவின் சிவப்புக் கேனில் சொட்டு சிந்தாமல் வடித்தார். குழாயில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கயிற்றை இழுத்தார். எஞ்சினுக்குள் மிஞ்சியிருந்தது எரிந்து மெஷின் உறுமியது. அப்பா வேலை செய்கிற சத்தம். அம்மா அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நின்றார். அது இருமி, திணறி, நின்றது.

மாமா துப்பாக்கியை அழுத்தித் தண்ணீரை விட்டார். சூடு ஆறக் காத்திருந்து, கொட்டகைக்குள் வைத்துப் பூட்டினார். எல்லாம் அப்பா செய்கிற மாதிரியே. அதன் பிறகுதான் அந்த வேலையைச் செய்தார். தன் மோட்டார் சைக்கிள் இருக்கையைத் தூக்கி, அதன் அடியில் எப்போதும் வறண்டு கிடக்கும் டாங்கியில் சிவப்புக் கேனைக் கவிழ்த்தார்.

"செத்த வீட்டுலயும் ஓசியா," என்று அத்தை முணுமுணுத்தார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

"ஏறுக்கா," என்றார் மாமா.

காரியம் முடியாமல் அம்மா வாசற்படி தாண்டக்கூடாது. அத்தை கேட் வரைக்கும் கத்திக்கொண்டே போனார். அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். திரும்பி வந்தபோது முகம் வீங்கியிருந்தது. தானே விளக்கை ஏற்றி, "சோறு இருக்கா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் மாமா வந்தார், தினமும் அம்மா போனார். எங்கள் டத்தோ கிராமாட் வட்டாரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "சும்மாதான்," என்பார்கள்.

ஒருநாள் இருவரும் நடந்து வந்தார்கள். மாமா வியர்த்து விறுவிறுத்து மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மா அதன் இருக்கையில் ஒரு கையை வைத்தபடி கூடவே வந்தார். எங்கள் சாலை முனையிலேயே பெட்ரோல் ஸ்டேஷன் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் வந்திருந்தார்கள்.

ஓசியில் கிடைத்தது தீர்ந்ததும் காசு கொடுத்துப் போட மனசு வரவில்லை, அதற்கு அம்மாவையும் நடக்க வைத்துவிட்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டில் ஏறி நின்று, தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன்:

"மாமா, ஸ்டேஷன் அங்கதானே இருக்கு! கொஞ்சம் போட்டுக்கிட்டு வந்தா என்ன?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா இருக்கையிலிருந்து கையை எடுக்கவில்லை.