துணி வைத்த பக்கம்

என் சகலை எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் புத்தகம் கொடுத்தார். எனக்கு மட்டும் கொடுக்க மாட்டார். இது நேற்று முளைத்த வருத்தம் இல்லை. கல்யாணமான புதிதில் நெஞ்சுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. தலை நரைத்த பிறகும் எழுந்து போகவில்லை. இப்போது ஆளே இல்லை. வருத்தம் இடத்தைக் காலி செய்துவிட்டது என்று இன்றைக்கும் சத்தியம் செய்ய மாட்டேன்.

அவரைப் பற்றி ஆளுக்கு நாலு வரி எழுத வேண்டும் என்று சனிக்கிழமைதோறும் அவர் வீட்டில் கூடிப் புத்தகம் பேசுகிறவர்கள் முடிவு செய்தார்கள். "அவர் கையால காலங்காலமா புத்தகம் வாங்கினவங்க எழுதட்டும்" என்றேன். "அவங்கெல்லாம் எழுதிட்டாங்க. நீங்கதான் பாக்கி" என்றாள் என் மனைவி. அதனால் எழுதுகிறேன்.

சகலை, என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். சோபாவுக்கும் பஸ் சீட்டுக்கும் உறை தைக்கிற பட்டறையில் தையல் வேலை. அதே பட்டறையில் நான் வேன் ஓட்டுகிறேன். அங்கே எல்லோருக்கும் அவர் டெய்லர். எனக்கு அண்ணன், வயதில் மூத்தவர் என்பதால். ஒல்லியான ஆள். கழுத்தில் நாடா, காது மடலில் துணியில் கோடு போடுகிற சாக்பீஸ் துண்டு. கை எப்போதும் பசை நாற்றம் அடிக்கும். மத்தியானம் சாப்பிடும்போது புத்தகத்தைத் தையல் மெஷின் மேல் விரித்து, ஊசிக்குப் பக்கத்தில் இருக்கிற இரும்புப் பாதத்தை இறக்கிப் பக்கத்தை அழுத்தி வைத்துவிடுவார். ஒரு கையால் சாப்பாடு, பக்கம் முடிந்தால் இன்னொரு கையால் பாதத்தைத் தூக்கித் திருப்புவார். மெஷின் எண்ணெய் படாத புத்தகம் அவரிடம் ஒன்றும் கிடையாது.

அவர் புத்தகம் கொடுக்கிற விதமே தனி. சும்மா எடுத்து நீட்ட மாட்டார். உள்ளே ஒரு பக்கத்தில் வெட்டுத் துணி ஒன்று வைத்திருப்பார். "துணி வரைக்கும் பொறுத்துக்கங்க. அதுக்கு மேலயும் பிடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடுங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்பார். துணிக்கும் ஆளுக்கு ஒரு நிறம். எதிர்வீட்டு நர்ஸம்மாவுக்கு வெள்ளை ரெக்சின். தெருமுனை இஸ்திரிக்காரருக்கு நீலக் கட்டம். என் மனைவிக்கு மெரூன் வெல்வெட், அதுவும் ஓரம் தைத்தது. புத்தகம் கை மாறினால் அதே பக்கத்தில் துணி மட்டும் மாறும்.

அந்தத் துணி ஒருநாளும் தப்பியதில்லை. அதுதான் தெருவே வாயைப் பிளந்த விஷயம். துணி இருக்கிற பக்கம் வந்ததும் கதை ஆளைப் பிடித்துக்கொள்ளும். அடுப்பில் இருப்பது தீய்ந்துபோகும். "டெய்லருக்கு எப்படித்தான் தெரியுதோ" என்பார்கள். என் வீட்டில் இன்னும் மோசம். மனைவியும் அவள் அக்காவும் போனில் பேசுவதை நான் கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன்.

"எங்க இருக்க?"

"துணி தாண்டிட்டேன்க்கா. அத்தான் கெட்டிக்காரருக்கா. என்னைப் பத்தி எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கார்."

எனக்குச் சோறு இறங்காது. ஆள் மேல் சந்தேகம் இல்லை. தங்கமான மனிதர். அதுதான் எரிச்சலே. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு முன்னறையில் கூடுவார்கள். யார் என்ன படிக்கிறார்கள், யாருக்கு எது பிடிக்கும் என்று பேச்சு ஓடும். ஒரே ஒரு சட்டம் உண்டு. முடிவை யாரும் சொல்லக்கூடாது. என்னையும் மனைவி இழுத்துக்கொண்டு போவாள். அவர்கள் பேசுவார்கள், நான் சோபாவில் ஸ்பிரிங் எங்கே இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நர்ஸம்மா ஒருமுறை என்னைப் பார்த்து, "நீங்க என்ன படிக்கிறீங்க?" என்று மரியாதைக்குக் கேட்டார். "இவர் பெட்ரோல் முள்ளைப் படிப்பார்" என்றார் இஸ்திரிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். சகலை சிரிக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு புத்தகமும் எடுத்துத் தரவில்லை.

எனக்கு அவர் கொடுத்தது என்னவென்றால், பேச்சு. தைத்த உறையை மாட்டிவிட்டு வர அவரும் என்னோடு வேனில் வருவார். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் ஆரம்பித்துவிடுவார். அன்றைக்கு எந்தப் புத்தகம் கையில் இருக்கிறதோ அந்தக் கதை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. முடிவையும் சேர்த்து. வருஷக்கணக்கில் இப்படி. கதை நன்றாகத்தான் இருக்கும், பொய் சொல்லக்கூடாது. ஆனால் எனக்கு என்ன தோன்றும்? மற்றவர்களுக்குப் பந்தியில் இலை போடுகிறார், எனக்கு மட்டும் பிசைந்து ஊட்டுகிறார். எட்டாவதோடு நின்றவன் என்றால் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது என்று நினைத்துவிட்டாரா?

ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒரு காரியம் செய்தேன். பட்டறைத் தரையில் கிடந்த பச்சைத் துணி ஒன்றை நறுக்கி, வேனோடு கம்பெனிக்காரன் கொடுத்த கையேட்டுக்குள் சொருகி, அவர் கண்ணில் படும்படி முன்கண்ணாடி ஓரமாக வைத்தேன். ஏறினார், பார்த்தார், எடுத்துப் புரட்டினார்.

"இது யார் குடுத்தது சகலை?"

"நானே எனக்குக் குடுத்துக்கிட்டேன்."

"எது வரைக்கும் பொறுத்துக்கணும்?"

"கியர் பாக்ஸ் வரைக்கும். அதுக்கப்புறம் பிச்சுக்கிட்டுப் போகும்."

"முடிவைச் சொல்லிடாத" என்றார். பிறகு அவர் கையில் இருந்த கதையை ஆரம்பித்துவிட்டார். குத்திக்காட்டியது உறைத்ததா இல்லையா என்று அந்த முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அன்றைக்குச் சொன்னது ஒரு அணைக்கட்டுக் காவல்காரன் கதை. யாரோ ராத்திரியில் மதகைத் திறந்துவிடுகிறார்கள், ஊர் முழுகிப்போகிறது. பழி காவல்காரன் மேல். அவன் தூங்கிவிட்டான் என்கிறார்கள், அவனும் அப்படித்தான் நம்புகிறான். இவ்வளவு வரைக்கும் நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில்வே கேட்டில் நிற்கும்போது சொன்னார், காவல்காரன் வீட்டுக்குள் வந்து ஆணியில் மாட்டியிருக்கிற மதகுச் சாவியைத் தொடுகிறான், அது ஈரமாக இருக்கிறது என்று. கேட் திறந்தது எனக்குத் தெரியாது. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனில் ஏறி உட்கார்ந்துவிட்டான். "அப்புறம்?" என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"முதல்ல வண்டியை எடு" என்றார் சகலை.

அந்தப் புத்தகம் வழக்கம்போல் சுற்றுக்குப் போனது. முதலில் நர்ஸம்மா, பிறகு என் மனைவி. வீட்டில் மேசை மேல் மெரூன் வெல்வெட் எட்டிப் பார்த்துக்கொண்டு கிடக்கும். அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் படிப்பாள். கூப்பிட்டால் காதில் விழாது. அடுத்த சனிக்கிழமை முன்னறையில் அதைப் பற்றித்தான் பேச்சு.

"சாவி நனைஞ்சிருக்குன்னு வருது பாருங்க, எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. துணி சரியா அங்கதான் இருந்தது" என்றார் நர்ஸம்மா.

"அத்தான் ஒவ்வொருத்தர் மனசையும் அளவெடுத்துத்தான் துணி வைக்கிறார்" என்றாள் என் மனைவி.

"என்ன பெரிய துணி. மதகைத் திறந்தது அவன் பொண்டாட்டிதான்" என்றேன்.

படித்துக்கொண்டிருந்தது என் மனைவிதான். இன்னும் பாதிக்கு மேல் பாக்கி. புத்தகத்தை மெதுவாக மூடினாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? திருட்டுத்தனமா படிச்சீங்களா?"

"நான் எதுக்குத் திருடணும். உங்க அத்தான்தான் சொன்னார்."

"முடிவையுமா?"

"எல்லாத்தோட முடிவையும்தான். இந்த அலமாரியில இருக்கிற அத்தனைக்கும் எனக்கு முடிவு தெரியும். சொல்லட்டுமா?"

"வேணாம்" என்று இஸ்திரிக்காரர் பதறிக் கையில் இருந்த புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

என் மனைவி சகலை பக்கம் திரும்பினாள். அந்தப் பொறாமைப் பார்வையை நான் அதுவரை கண்ணாடியில் என் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன். "ஏன் அத்தான், நாங்க கெஞ்சினாலும் வாயைத் திறக்க மாட்டீங்க. இவருக்கு மட்டும் உக்கார வச்சுக் கதை சொல்றீங்களா? எத்தனை வருஷமா நடக்குது இது?"

சகலை காது மடலில் இருந்த சாக்கை எடுத்து விரலால் உருட்டினார். மாட்டிக்கொண்டால் அப்படித்தான் செய்வார்.

"துணியை நான் வைக்கலம்மா" என்றார். "எனக்கு எந்தப் புத்தகமா இருந்தாலும் முதல் பக்கத்துலயே இனிக்கும். மத்தவங்களுக்கு எங்க அலுக்கும், எங்க பிடிக்கும், எனக்கு எப்படித் தெரியும்? அதுக்குப் பொறுமையே இல்லாத ஆள் ஒருத்தர் வேணும். சகலை வண்டி ஓட்டுவார், நான் சொல்லிக்கிட்டே வருவேன். காதுல வாங்குறாரா இல்லையான்னே தெரியாது. திடீர்னு ஒரு இடத்துல 'அப்புறம்'னு கேப்பார். பட்டறைக்குப் போனதும் அந்தப் பக்கத்துல துணியை வச்சிடுவேன். ரயில்வே கேட்டுல லாரிக்காரன் திட்டினான் பாரு சகலை, அதுதான் ஈரச் சாவிப் பக்கம்."

அக்கா, அதாவது அவர் மனைவி, "எனக்கும் இவர் இத்தனை வருஷமா அந்தத் துணியைத்தானே பெருமையா வெட்டிக் குடுத்தார்" என்று முணுமுணுத்தார்.

"அப்ப எனக்கு ஏன் ஒண்ணும் குடுக்கல?" இதைக் கேட்டது நான்தான்.

"குடுத்தா நீ படிச்சிடுவ. அப்புறம் நான் யார்கிட்ட சொல்லுவேன்?" என்றார். சாக்கைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டே சொன்னார், "நான் கடைசிப் பக்கம் வரைக்கும் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன். நீ ஒண்ணும் தெரியாம அங்க உக்காந்திருக்க. உன்னைப் பாத்தா எனக்கு வயிறு எரியும் சகலை."

அன்றைக்குப் பிறகு எல்லாம் தலைகீழ் ஆனது. நர்ஸம்மா, கதை கேட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வேனில் வரட்டுமா என்று கேட்டார். இஸ்திரிக்காரர் பெட்ரோல் முள்ளைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். மனைவி என்னோடு சரியாகப் பேச ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. "என் வெல்வெட்டு உங்க வாயிலேர்ந்து வந்ததா?" என்று கேட்டுக் கேட்டு மாய்ந்துபோனாள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன் என்றுதான் நினைப்பீர்கள். உள்ளே வேறு ஒன்று அரித்தது. எல்லோருக்கும் ஒரு நிறம் இருந்தது. எனக்கு இல்லை. நான் கேட்கிற வெறும் 'அப்புறம்' தான்.

பிறகு அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. பட்டறைக்குத் திரும்பி வந்தார், தைத்தார், வேனிலும் ஏறினார். கதவைச் சாத்தியதும் பழக்கத்தில் வாயைத் திறப்பார், காற்றுதான் வரும். பிறகு கறுப்பு ரெக்சின் துண்டு ஒன்றை மடியில் வைத்து, சாக்கால் ஒன்றிரண்டு வார்த்தை எழுதிக் காட்டுவார். நான் ரோட்டைப் பார்ப்பேனா, ரெக்சினைப் பார்ப்பேனா? அந்த மாதங்களில் எங்கள் தெருவில் புதிய புத்தகம் ஒன்றும் சுற்றுக்கு வரவில்லை. பழையதையே மாற்றி மாற்றிப் படித்தார்கள். துணி இல்லாமல் யாருக்கும் புதிதைத் தொடத் தைரியம் இல்லை.

கட்டி திரும்ப வந்தது. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அன்று காலையில் நான்தான் அவரை வேனில் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவும் என் மனைவியும் பின்னால் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். அதே ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அவர் பைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தார். புதியது. எண்ணெய்க் கறை இல்லை. புரட்டினேன், உள்ளே துணியும் இல்லை. துணியைத் தனியாகச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தார். கறுப்பு, மஞ்சள் ஓரம். என் டிரைவர் சீட்டுக்கு அவர் தைத்த உறையில் மிஞ்சிய துண்டு. அதை எத்தனை வருஷம் பத்திரப்படுத்தி வைத்திருந்தாரோ.

"அது யாருக்கு அத்தான்?" என்று பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள் என் மனைவி.

"எனக்கு" என்றேன்.

கேட் திறந்தது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை, எங்களுக்குப் பின்னால் வண்டியே இல்லை. அவர் என் கையைப் பிடித்து இரு என்று சைகை காட்டினார். ரெக்சினில் சாக்கால் எழுதினார். எழுதி என் பக்கம் திருப்பினார்.

'நான் இன்னும் இதைப் படிக்கல. நீ படி. எங்க அப்புறம்னு தோணுதோ அங்க துணியை வை.'

படித்துத் தலையாட்டினேன். உள்ளங்கையால் அதைத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் மறுபடி எழுதினார்.

'வந்து எனக்குச் சொல்லு. முடிவையும் சேத்து.'