முப்பதாம் ஆண்டுக்கு இரண்டு தடவை உப்பூர் போன கதை

எந்த ராக் ரெக்கார்டுக்கு என்றைக்கு ஐம்பது வயது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்த வலைப்பூவைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். லண்டனில் ஒரு குழு மொட்டைமாடியில் ஏறிக் கடைசியாக வாசித்ததன் ஐம்பதாம் ஆண்டுக்கு, அதே தேதியில், கொடைக்கானல் லாட்ஜ் மொட்டைமாடியில் ஸ்வெட்டரும் கிட்டாருமாக நின்றவன் நான். கீழே தங்கியிருந்த தேனிலவுத் தம்பதி ரிசப்ஷனில் புகார் கொடுத்தார்கள். கொடுக்கட்டும். தேதி தவறவில்லை, அதுதான் முக்கியம்.

இந்தத் தடவை ஆண்டுவிழா வெளியாருக்கு இல்லை, எங்களுக்கே. முப்பது வருடத்துக்கு முன்னால் காணும் பொங்கல் அன்று, ராமநாதபுரம் பக்கம் உப்பூரில், விளையாட்டு விழா மேடையில் ‘வேலிக்கருவை’ என்ற ராக் குழு முதல் முறையாக வாசித்தது. கடைசி முறையும் அதுதான். தண்ணீரே இல்லாமல் எங்கே வேண்டுமானாலும் முளைக்கும் முள்மரத்தின் பெயரை வைத்துக்கொண்டு ஒரே நாளில் பட்டுப்போன குழு உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். கிட்டாரும் பாட்டும் நான். பேஸ் கிட்டார் முருகேசன், உப்பூர்க்காரன், இப்போது மிளகாய் விவசாயம். டிரம்ஸ் ஜமால், கீழக்கரைக்காரன், இருபது வருடம் துபாயில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். மூவரும் மதுரையில் ஒரே கல்லூரி. நான் மட்டும் அங்கேயே தங்கி, பிளஸ் டூ பையன்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன்.

திட்டம் எளிது. அதே காணும் பொங்கல், அதே மைதானம், அதே மூன்று பேர். அன்று பாதியில் நின்றுபோன எங்கள் ஒரே சொந்தப் பாட்டை, தண்ணி லாரி வராத தெருவைப் பற்றிய பாட்டை, முழுசாக வாசித்து முடிக்க வேண்டும். விழா நடத்தும் இளைஞர் மன்றத்திடம் முருகேசன் பேசி, உறியடிக்கு முன்னால் கால் மணி நேரம் வாங்கிவிட்டான். ‘30-ஆம் ஆண்டு’ என்று பெரிதாகப் போட்டு ஆறுக்கு நாலு ஃப்ளெக்ஸ் அடித்தாயிற்று. பாக்கி ஒன்றே ஒன்றுதான். ஜமால் பதினோரு மாதமாக என் போனை எடுக்கவில்லை. ஏதோ வேலையாக இருப்பான், நேரில் போய் வண்டியில் ஏற்றினால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

மாட்டுப் பொங்கல் அன்று காலை 7.30க்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். ராமநாதபுரம் 115 கி.மீ., இரண்டரை மணி நேரம், டிக்கெட் 110 ரூபாய். கிட்டாரைப் பக்கத்து சீட்டில் சாய்த்ததும் கண்டக்டர் வந்துவிட்டார்.

“அண்ணே, அதுக்கு லக்கேஜ் போடணும்.”

“அது கிட்டார் தம்பி, மூட்டை இல்ல.”

“ஒரு ஆள் எடத்த அடைக்குதுல்ல? அப்புறம் என்ன?”

அவர் சொன்னதும் நியாயம்தான். மடியில் வைத்துக்கொண்டு போனேன். நீங்கள் ஏதாவது வாத்தியம் கொண்டுபோவதாக இருந்தால் ஓட்டுநருக்குப் பின் சீட்டைப் பிடியுங்கள், அங்கே கால் வைக்க இடம் அதிகம்.

ராமநாதபுரத்தில் ஃப்ளெக்ஸை லாட்ஜில் போட்டுவிட்டு (ஒற்றை அறை 900 ரூபாய், தண்ணீர் உப்பு) கீழக்கரை பஸ்ஸைப் பிடித்தேன். 17 கி.மீ., முக்கால் மணி நேரம். ஊருக்குள் ஆட்டோ அறுபது ரூபாய்.

“எந்த ஜமாலு? இங்கன கல்லெடுத்து எறிஞ்சா ஏதாவது ஒரு ஜமாலு மேலதான் விழும்” என்றார் ஆட்டோக்காரர்.

“டிரம்ஸ் அடிப்பாரு.”

“அட, டிரம்மு வீட்டு ஜமாலா! போன நோன்புல எல்லாத்தையும் வேன்ல ஏத்திக்கிட்டு எங்கனயோ போனாரு. போன மாதிரியே திரும்பி வந்தாரு. ஏறுங்க.”

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஜமால் கதவைத் திறந்தான். தாடி முழுக்க நரைத்திருந்தது. “வா” என்றான். அவன் மனைவி டீயும் தொதலும் கொண்டுவந்து வைத்து, “வாங்கண்ணே, வீட்ல எல்லாரும் சொகமா?” என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். (தொதல் என்றால் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டுவது. கீழக்கரை போய்விட்டு இது வாங்காமல் வந்தால் உங்களை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.)

“நாளைக்கு நாலு மணிக்கு மேடை. வண்டி சொல்லிறவா?” என்றேன்.

“எதுக்கு?”

“எதுக்கா? முப்பது வருஷம்டா!”

“எனக்கு முப்பது போன நோன்போட முடிஞ்சுருச்சு, சேகரு.”

போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். உப்பூர் மைதானம். நடுவில் அவன் டிரம்ஸ் செட் முழுசாகப் பூட்டி நிற்கிறது. சுற்றிலும் ஆடுகள். முன்னால் ஒரு பாய், அதில் கஞ்சித் தூக்கு, மூன்று டம்ளர்.

போன வருடம் மாசியில் அவன் அனுப்பிய செய்தி அப்போதுதான் ஞாபகம் வந்தது. ‘ஏழாம் நோன்புக்கு உப்பூர் வந்துடு. நோன்பு தொறக்குறத அங்கனயே வச்சுக்குவோம்.’ நான் கஞ்சி குடிக்கக் கூப்பிடுகிறான் என்று நினைத்து, ‘ப்ராக்டிகல் தேர்வுடா, அடுத்த வருஷம் பாப்போம்’ என்று பதில் போட்டுவிட்டு, கும்பிடும் கை ஒன்றையும் அனுப்பியிருந்தேன். முருகேசனுக்கும் அதே செய்தி போயிருக்கிறது. அவனும் கஞ்சி என்றே நினைத்து, அன்றைக்கு மிளகாய் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டான்.

எங்கள் முதல் கச்சேரி ரம்ஜான் நோன்பு மாதத்தில் வந்த காணும் பொங்கலில் நடந்தது. முருகேசனுக்கு அது தை மூன்று. எனக்குச் சனவரித் தேதி. ஜமாலுக்கு ஏழாம் நோன்பு. நோன்பு பிறைக் கணக்கு என்பதால் வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். ஆக, அவனுக்கு முப்பதாவது ஆண்டு எங்களுக்குப் பதினோரு மாதம் முன்னதாகவே வந்துவிட்டது. இயற்பியல் வாத்தியார் நான். பூமி சூரியனைச் சுற்றுவது, சந்திரன் பூமியைச் சுற்றுவது எல்லாம் போர்டில் படம் போட்டு விளக்குகிறவன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆனால் அங்கே உட்கார்ந்து என்ன செய்தேன் தெரியுமா? வாதாடினேன். “கணக்குப்படி நாளைக்குத்தான்டா முப்பது.”

“ஒங் கணக்குல. அன்னைக்கு நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கெடக்க அடிச்சேன். எனக்கு அது ஏழாம் நோன்புதான்.” டம்ளரைத் தள்ளி வைத்தான். “அன்னைக்கு மைக்குல என்னா சொன்னன்னு ஞாபகம் இருக்கா?”

சத்தியமாக ஞாபகம் இல்லை. அவன் சொன்னான். நாலு மணிக்கு என்றிருந்த எங்கள் முறை, உறியடி இழுத்துக்கொண்டே போனதில் ஐந்தே முக்காலுக்கு மேல்தான் வந்திருக்கிறது. கடைசிப் பாட்டின் பாதியில் நோன்பு திறக்கும் நேரம். ஜமால் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்திருக்கிறான். நான் மைக்கில், “மன்னிச்சுக்கங்க, இவன் ஒருத்தனால நின்னுபோச்சு, தொரைக்குத் தாகமாம்” என்றிருக்கிறேன். கூட்டம் சிரித்திருக்கிறது. இத்தனை வருடம் குழு ஏன் கலைந்தது என்று கேட்டவர்களிடம் எல்லாம் வேலை, துபாய், கல்யாணம் என்று அடுக்கிக்கொண்டிருந்தேன்.

வாசல்வரை வந்து வழியனுப்பினான். வருகிறேன் என்று சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அழுதேன்.

மறுநாள் காணும் பொங்கல். ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வழியாக உப்பூர் ஏறத்தாழ 30 கி.மீ., ஐம்பது நிமிடம், 30 ரூபாய். ஃப்ளெக்ஸை முருகேசன் மேடைக்குப் பின்னால் கட்டியிருந்தான். பேஸும் ஆம்ப்ளிஃபயரும் தயார். சாக்கு ஓட்டம், எலுமிச்சை ஓட்டம் எல்லாம் முடிந்து நாலு பத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள்.

“ரெண்டு பேராச்சும் அடிச்சு விட்ருவோமாடா?” என்றான் முருகேசன். “தேதி போயிருமேன்னு நீதான் குதிப்ப.”

உண்மைதான், என் வாழ்க்கையில் ஒரு ஆண்டுவிழாத் தேதியை விட்டதில்லை. மேடையேறி மைக்கைப் பிடித்தேன். “முப்பது வருஷத்துக்கு முன்னாடி, நோன்பு தொறக்கப்போன எங்க டிரம்மர இதே எடத்துல வச்சுக் கேலி பண்ணேன். அது தப்பு. அவன் இல்லாம இன்னைக்கு வாசிக்கல” என்றேன். யாரோ விசிலடித்தார்கள். அறிவிப்பாளர் தம்பி மைக்கை வாங்கி, “சரி, நன்றி, அடுத்து கோலப்போட்டி முடிவு” என்றார். கீழே இறங்கி ஜமாலுக்கு ஒரே வரி அனுப்பினேன்: ‘ஏழாம் நோன்புக்கு உப்பூர் வாரேன்.’ இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

நோன்பு தொடங்கி, நான் எண்ணிக்கொண்டே இருந்ததில், காணும் பொங்கலிலிருந்து இருபத்தொன்பதாம் நாள் ஏழாம் நோன்பு வந்தது. பள்ளியில் இப்போதும் ப்ராக்டிகல் தேர்வுதான். சக ஆசிரியரிடம் என் முறையை மாற்றிக்கொண்டேன். போன வருடமும் மாற்றியிருக்கலாம். விடியக்காலை 4.15க்கு எழுந்து நாலு இட்லி, ஒரு சொம்புத் தண்ணீர். அதோடு சரி. ஆமாம், நானும் நோன்பு பிடித்தேன். ஒருநாள் பட்டினி என்ன பெரிய விஷயம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். பதினோரு மணி பஸ்ஸில் பரமக்குடி தாண்டும்போது பக்கத்து சீட்டுக்காரர் பன்னீர் சோடாவை உடைத்தார் பாருங்கள், அந்தச் சத்தத்துக்கே உயிர் போய்விட்டது. பசியைக்கூடத் தாங்கலாம், தாகம் தாங்காது. இந்த நிலைமையில் ஒருத்தன் வெயிலில் டிரம்ஸ் அடித்திருக்கிறான்.

3.25க்கு உப்பூர். மைதானத்தில் ஆடுகளும் முருகேசனும். டீக்கடையிலிருந்து கரண்ட் இழுத்திருந்தான். அதே ஃப்ளெக்ஸை இரண்டு கருவேல மரத்துக்கு நடுவில் கட்டியிருந்தான். நாலரை ஆயிற்று, ஐந்து ஆயிற்று. ஐந்து இருபதுக்கு முருகேசன், “வரமாட்டான்டா. அவன் எடத்துல நான் இருந்தா நானும் வரமாட்டேன்” என்றான்.

ஐந்து முப்பத்தைந்துக்கு ரோட்டிலிருந்து ஒரு வேன் இறங்கியது.

ஜமால் எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். டிரம்ஸை இறக்கினோம். மூன்று பேருமாகப் பூட்டினோம். கடைசித் திருகை முறுக்கிவிட்டு வாட்சைப் பார்த்தான்.

“ஆறு இருவத்தாறுக்குத் தொறக்கணும். பாட்டு எத்தன நிமிசம்?”

“நாலரை.”

“ஆறு பத்துக்கு ஆரம்பி. என்னா, ஒதடு வெளுத்துக் கெடக்கு?”

“நோன்புடா.”

“நீயா?” என்றவன் வாய்விட்டுச் சிரித்தான். “ஏலே முருகேசா, தொரைக்குத் தாகமாம்டா!”

கேட்டதும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாங்கவேண்டியதை முப்பது வருடம் கழித்து வாங்கிக்கொண்டேன்.

ஆறு பத்துக்கு ஆரம்பித்தோம். என் தொண்டையில் எச்சில் இல்லை, மேல் ஸ்தாயி எழும்பவே இல்லை. முருகேசன் இரண்டு இடத்தில் தப்பு விட்டான். ஜமால் மட்டும் ஒரு அடி பிசகாமல் அடித்தான். கேட்டவர்கள் மிளகாய்க் காட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஐந்து பெண்களும் டீக்கடைக்காரரும்தான். அதில் ஒரு அக்கா, “ஏப்பா, இந்தப் பாட்டுல வர்ற தெரு எங்க தெருதானே? இன்னமும் லாரி வரல” என்றார். பாட்டு முழுசாக முடிந்தது. ஆறு பதினைந்துகூட ஆகவில்லை.

மிச்ச நேரத்தில் ஜமால் பாயை விரித்தான், தூக்கைத் திறந்தான், மூன்று டம்ளரை வைத்தான். பிறகு ஃப்ளெக்ஸை நிமிர்ந்து பார்த்து, “இது தப்பு” என்றான். முருகேசன் சட்டைப்பையில் மிளகாய் மூட்டைக்கு நம்பர் போடுகிற மார்க்கர் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு போய், 30-இல் இருந்த சைபரைப் பட்டையாக அடித்து ஒன்றாக்கிவிட்டு வந்து உட்கார்ந்தான். போனில் பாங்கு ஒலித்தது. முதல் பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்தான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். உப்பூர் மைதானத்தில் நிழல் கிடையாது, தொப்பி கொண்டுபோங்கள். ராமநாதபுரத்துக்கு இரவு எட்டுக்கு மேல் பஸ் குறைவு, நான் ஜமாலின் வேனில்தான் திரும்பினேன். ஒருநாள் கூடுதலாக இருந்தால் உத்தரகோசமங்கை 18 கி.மீ., ராமேசுவரம் 55 கி.மீ., இரண்டுக்கும் ராமநாதபுரத்திலேயே பஸ் உண்டு. ஏதாவது ஆண்டுவிழாவுக்கு யாராவது கூப்பிட்டால், வருகிறேன், வரவில்லை என்று சொல்லும் முன் எதை வைத்து எண்ணுகிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

வேலிக்கருவையின் 32-ஆம் ஆண்டுக்கு எந்தத் தேதி என்று முருகேசன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தேதி தெரியாமலேயே விடுப்புக்கு எழுதிக் கொடுக்க முடியாது என்பதால், ஜமால் பிறை பார்த்துச் சொல்லும்வரை காத்திருக்கிறேன்.