கிளெமான்ஸின் கடைசி அத்தியாயம்

முதுகைக் காட்டிக்கொண்டுதான் கதை படிப்பார் கிளெமான்ஸ். ரெட்டியார்பாளையத்து மாடி வீட்டுக் கூடத்தில் ஏழெட்டு இளசுகள் பாயில் உட்கார்ந்திருக்கும். இவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, எழுதிய தாள்களை விரித்து, அங்கே மாட்டியிருக்கும் இயேசுவின் திருஇருதயப் படத்துக்கே படித்துக் காட்டுவதுபோல ஆரம்பிப்பார்.

"மூஞ்சப் பாத்துப் படிச்சா மரியாதைக்குக் கேப்பாங்க சார். முதுகக் காட்டினாதான் கொட்டாவியக்கூட தைரியமா வுடுவாங்க" என்று எனக்கு விளக்கம் வேறு.

கொட்டாவி, வளையல் சத்தம், செல்போன் பட்டனை அமுக்கும் டிக் டிக், எது காதில் விழுந்தாலும் அந்தப் பத்தியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு. கோடு விழுந்த பத்தி அடுத்த ஞாயிறு இருக்காது. இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் நானும் ஒருநாள் தெரியாத்தனமாகத் தும்மிவிட்டேன். அருமையான மழைக் காட்சி ஒன்று போயே போய்விட்டது.

ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. பக்கத்திலிருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அடுத்த கதையில் என்னை வில்லனாக்கியிருப்பார். கம்பெனி வேனில் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு போவார். தூங்குகிறார் என்று நினைத்து வேலைக்கு வரும் பெண்கள் காதல், சண்டை, ரிங்டோன் என்று எல்லாவற்றையும் பேசுவார்கள். "எனக்கு அந்த வேன்தான் சார் யூனிவர்சிட்டி" என்பார். ஒரு நல்ல வாக்கியம் அமைந்துவிட்டால் "வொலா!" என்று பேனாவை மூடுவார். பிரெஞ்சில் அவருக்கு மிச்சமிருப்பது அந்த 'இதோ!' மட்டும்தான்.

இளைஞர்களுக்கென்று புத்தகம் போடத் தொடங்கி நாலைந்து வருடம் ஆகிறது. முதல் புத்தகம் 'திரும்பி வந்த தோமினிக்'. அதற்கப்புறம் வந்தவற்றிலும் தோமினிக்குக்குப் பதிலாக வேறொருவர் திரும்பி வந்தார். வீட்டைவிட்டு ஓடியவன், குடித்தவன், கோயிலை மறந்தவள், யாராக இருந்தாலும் கடைசி அத்தியாயத்தில் கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்கு வந்து சேர்ந்து, முழங்காலில் விழுந்து அழுதுவிடுவார்கள். உடனே கோயில் மணி அடிக்கும். பங்குச் சாமியார் மொத்தமாக வாங்கி மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுப்பார். பிள்ளைகள் படித்தார்களா என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

போன வருடம் புதிய கதையைப் படித்துக்கொண்டிருந்தார். கதாநாயகன் டோனி, கால்பந்து ஆடுகிறவன். அம்மா செத்ததிலிருந்து கோயில் பக்கம் எட்டிப் பார்க்காதவன். கதை கிறிஸ்துமஸை நெருங்கும்போது பின்னாலிருந்து மெல்லிய ஹம்மிங் கேட்டது. பூசை முடியும்போது பாடும் பாட்டின் மெட்டு. ஒரு குரல் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கிளெமான்ஸுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கதையில் உருகிப்போய்ப் பாடுகிறார்கள் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அத்தனை பேரும் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஹம்மிங்கைத் தொடங்கியவள் அபி, கல்லூரியில் இரண்டாம் வருடம். அவள் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "சாரி ஆன்ட்டி. உங்க கதையில எல்லாரும் திரும்பி வந்துடறாங்க. எங்க அண்ணன் மூணு வருஷமா கோயிலுக்கு வரல. என்னப் பூசைக்கு வண்டியில கொண்டாந்து வுட்டுட்டு, கேட்டுக்கு வெளியவே நிப்பான். அவன் படிக்கிற மாதிரி ஒண்ணு எழுதுங்களேன்."

அன்று மாலை அவரைப் பார்த்தேன். முகம் வாடிக் கிடந்தது. "வலிக்குது சார். ஆனா சரியாத்தான் சிரிச்சாங்க" என்றார். அப்புறம் பல ஞாயிறுகள் கூடத்தில் பாய் விரிக்கப்படவில்லை. கடைசி அத்தியாயத்தை எழுதி எழுதிக் கிழித்தார். இனி அதை யாருக்கும் படித்துக் காட்டப்போவதில்லை, புத்தகத்தில் பார்த்துக்கொள்ளட்டும் என்று அறிவித்துவிட்டார்.

மூலக்குளத்தில் அச்சகம் வைத்திருக்கும் ஷஹாபுதீன்தான் அதை முதலில் படித்தவர். பதறிப்போய் போன் செய்தார்.

"மதாம், கடைசிப் பக்கம் எதுவோ வுட்டுப்போச்சு. டோனி தங்கச்சிக்குப் போன் பண்றான், 'பூசை எத்தன மணிக்கு முடியும்'னு கேக்கறான். அதோட நிக்குது."

"அவ்ளோதான் பாய் கதை."

"எங்க பொண்ணு நூரீன் ப்ரூஃப் படிச்சிட்டு, அவன் போனானா இல்லியான்னு என்னைப் புடுங்கி எடுக்கறா. சரி, இப்டியே போடறேன்."

பங்குச் சாமியார் அவ்வளவு சுலபமாக விடவில்லை. நல்ல மனுஷர்தான். நாற்காலி கொடுத்து, காபி வரவழைத்து, பிறகே கேட்டார்: "வருவானா, மாட்டானா?"

"எனக்கும் தெரியல ஃபாதர். தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதினதுக்குத்தான் பசங்க பாட்டுப் பாடினாங்க."

ஒரே ஒரு பக்கம் சேர்த்துவிட்டால் போதும் என்றார் அவர். கிளெமான்ஸ் காபியைக் குடித்து முடித்தார், பக்கத்தைச் சேர்க்கவில்லை. இந்த வருடம் மறைக்கல்விப் பரிசுக்கு இந்தப் புத்தகம் இல்லை என்று ஆகிவிட்டது. பிள்ளைகளாக வாங்கினால்தான் உண்டு. இல்லாவிட்டால் பிரதிகள் கட்டிலுக்கு அடியில் குடியேற வேண்டியதுதான். ஆனாலும் கோயில் வளாகத்தில் மேசை போட்டு விற்றுக்கொள்ளச் சாமியாரே இடம் கொடுத்தார்.

அந்த ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்தபோது நானும் மேசைக்குப் பின்னால் நின்றேன். 'டோனி இன்னும் வரவில்லை' என்ற அட்டையைப் பெரியவர்கள் தடவிப் பார்த்துவிட்டு, "மழை வருமா" என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. கிளெமான்ஸ் புத்தகங்களை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். பாட்டுக் குழுப் பிள்ளைகள் இறங்கி வந்ததும்தான் மேசை அருகே கூட்டம் சேர்ந்தது. வாங்கியவர்கள் நின்ற இடத்திலேயே புரட்டினார்கள். "டேய், முடிவச் சொல்லாத!" என்று ஒருவன் கத்தினான். எனக்கு மூச்சு வந்தது.

அபி ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"புக்கு எங்கடி?" என்றார் கிளெமான்ஸ்.

"அண்ணன்கிட்ட ஆன்ட்டி. சும்மா வச்சிக்கன்னு குடுத்தேன். படிச்சிக்கினு இருக்கான். வீட்டுக்குப் போலாம்னா, இருடீங்கறான்."

கேட்டுக்கு வெளியே சுள்ளென்ற வெயிலில், சைட் ஸ்டாண்டு போட்ட பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தான் அபியின் அண்ணன் பிரேம்குமார். ஒரு கையைப் புருவத்துக்கு மேல் வைத்து மறைத்துக்கொண்டு, தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தான். பாதிப் புத்தகம்கூட ஆகியிருக்காது.

"கிளெமான்ஸ், வாங்க, போட்டோ எடுக்கணும்!" என்று படிக்கட்டிலிருந்து சாமியார் கூப்பிட்டார்.

கிளெமான்ஸ் மேசைமேல் யாரோ வைத்திருந்த குடையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். பைக்குக்குப் பக்கத்தில் நின்று, அதை விரித்து, பக்கத்தின் மேல் வெயில் படாமல் பிடித்துக்கொண்டார்.